எமல்டா பார்த்த முந்நூறு சண்டைப் படங்கள்

எமல்டா கராத்தே வகுப்பில் சேர்ந்தது கராத்தே கற்றுக்கொள்ள அல்ல. அங்கே கற்றுக்கொடுக்கிறவள் போலி என்று கையும் களவுமாகப் பிடிக்கத்தான்.

நாற்பத்தெட்டு வயதுக்குள் அவள் முந்நூறு சண்டைப் படங்கள் பார்த்திருந்தாள். சீனப் படம், ஜப்பான் படம், தமிழில் குரல் கொடுத்த கொரியப் படம், எதையும் விட்டதில்லை. வெள்ளைப் புருவக் கிழவர் மூங்கில் நுனியில் நின்றால், அவர் இடுப்பில் கம்பி எங்கே கட்டியிருக்கிறது என்று சோபாவில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளிடம் ஒருத்தி வந்து, நான் சினிமாவில் சண்டை போட்டவள் என்றால் சும்மா விடுவாளா?

அந்த ஒருத்தி தவமணி. எமல்டாவைவிட இரண்டு வயது சின்னவள். ஆனாலும் எல்லோருக்கும் மாஸ்டர். திருச்சியில் ஒரு மண்டபத்தின் பந்தி ஹாலில், கல்யாணம் இல்லாத நாட்களில் வகுப்பு நடத்தினாள். சாப்பாட்டு மேசைகளை ஓரத்தில் அடுக்கிவிட்டு நடுவில் பாய் விரித்தால் வகுப்பு தயார். சுவரெல்லாம் பழைய சாம்பார் வாசம்.

சுவரில் மாஸ்டரின் படப்பிடிப்புப் போட்டோ ஒன்று தொங்கியது. அதில் முதுகு மட்டும்தான் இருந்தது. முதுகை மாட்டி வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் கதை விடலாம் என்று எமல்டா நினைத்தாள்.

அதுவும் போகட்டும். சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது. ஒரு குத்து கிடையாது, ஒரு உதை கிடையாது. விழத்தான் கற்றுக்கொடுத்தாள். பக்கவாட்டில் விழு, பின்னால் விழு, படியிலிருந்து விழு. இதற்கு ஒரு வகுப்பா? எமல்டாவின் மாமியார் பாத்ரூமில் இதை ஓசியிலேயே செய்தார்.

அந்த மே மாதச் சனிக்கிழமை வந்தது இரண்டே பேர். எமல்டாவும், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நசீமாவும்.

"மாஸ்டர், நான் ரெண்டு மணிக்குக் கிளம்பணும்" என்றாள் எமல்டா. "தங்கச்சியை மூணு மணி ரயில்ல ஏத்திவிடணும்."

"ஊர்ல இருந்து வந்திருக்காங்களா?"

"செவ்வாய்க்கிழமை வந்தா. சொல்லாம கொள்ளாம. கதவைத் திறக்கறேன், நான் வாயே திறக்கலை, அதுக்குள்ள அவளே 'ஒண்ணுமில்லக்கா, பாத்ரூம்ல வழுக்கிடுச்சு'ங்கறா. இடது மணிக்கட்டுல ஒரு கட்டு. கத்திரி வெயில்ல முழுக்கை ஜாக்கெட். கேட்டா ஃபேஷனாம்."

"சரி."

"என்ன சரி? ஏழாங்கிளாஸ்ல பிரேயர்ல மயங்கி விழுந்து அரை நாள் லீவு வாங்கினவ இந்த ஜெசிந்தா. சிஸ்டர் ரூம்ல அவளுக்கு குளூக்கோஸ், வெளியில அவ பையையும் சேர்த்துத் தூக்கிக்கிட்டு வெயில்ல நின்னது நான். இப்ப அவ மாமியார் வீட்டுக்கு லீவுக்கு ஆள் வந்திருக்கு. பதினோரு பேருக்குச் சமைக்கணும். இவளுக்கு உடனே கை வழுக்கிடுச்சு."

நசீமா கொஞ்சம் தயங்கி, "வீட்டுல எதுவும் பிரச்சினையாக்கா? கேட்டீங்களா?" என்றாள்.

"கேக்காம இருப்பேனா? நேராவே கேட்டேன், 'உன் வீட்டுக்காரர் அடிச்சாரா'ன்னு. சிரிச்சா. விழுந்து விழுந்து சிரிச்சா. அப்புறம் ரெண்டு தோசை தின்னா. அடி வாங்கினவ சிரிப்பாளாம்மா? ஒப்பாரியில்ல வைப்பா! அவருக்கு போன் போட்டேன். மனுஷன் அழறார். 'ஜெசி இல்லாம வீடு வீடா இல்ல மதினி, அனுப்பி வைங்க'ன்னு தேம்பறார். டிக்கெட் போட்டுட்டேன்."

மாஸ்டர் பிளாஸ்கிலிருந்து மூன்று டம்ளரில் டீ ஊற்றினாள்.

பதில் பேசாதவர்களைக் கண்டால் எமல்டாவுக்கு ஆகாது. பதில் தெரியாதவர்கள்தான் ஞானி மாதிரி டீ ஊற்றுவார்கள் என்பது அவள் கணிப்பு.

"மாஸ்டர், ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"நினைச்சா விழச் சொல்லிடுவேன். கேளுங்க."

"முந்நூறு படம் பார்த்திருக்கேன். ஒண்ணுலகூட உங்க மூஞ்சியைப் பார்த்ததில்லை."

"எப்படித் தெரியும்? கதாநாயகிக்குப் பதிலா விழறதுதான் என் வேலை. மூஞ்சி தெரிஞ்சா அந்த ஷாட்டைத் தூக்கிடுவாங்க."

"வசதியா இருக்கே" என்றாள் எமல்டா.

மாஸ்டர் சிரித்தாள். "என்ன படம் பிடிக்கும் உங்களுக்கு?"

அவ்வளவுதான். அணை உடைந்தது.

"சண்டைப் படம் மட்டும்தான். அதுலயும் வெட்டி வெட்டி எடுக்கறது ஆகாது. கை ஒரு ஷாட், கால் ஒரு ஷாட்டுன்னு எடுத்தா எனக்குக் கெட்ட கோபம் வரும். கேமராவை ஒரு இடத்துல வெச்சுட்டு ஒதுங்கணும், அவங்க அடிச்சுக்கணும். இருபது பேர் வட்டமா நின்னுக்கிட்டு ரேஷன் கடை மாதிரி ஒவ்வொருத்தனா வந்து அடி வாங்கறானே, அதை மட்டும் மன்னிச்சு விட்டுடறேன். இந்தக் குடும்பப் படம் இருக்கு பாருங்க, அது பக்கமே போக மாட்டேன். கண்ணீர் வர்றதுக்கு முன்னாடி வயலின் வந்துடும். எல்லாரும் சோத்து முன்னாடி உக்காந்து அழுவாங்க, ஒருத்தரும் ஒரு வாய் திங்க மாட்டாங்க. அத்தனையும் பொய். சண்டையில பொய் சொல்ல முடியாது மாஸ்டர். உடம்புல பட்டா பட்டதுதான்."

"பட்டதைப் பார்த்தாத் தெரிஞ்சுடுமா?"

"எனக்குத் தெரியும். எது நிஜ அடி, எது நடிப்புன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

மாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தாள். நசீமாவை ஓரமாக அழைத்துப் போய்க் காதில் ஏதோ சொன்னாள். நசீமா வேண்டாம் என்று தலையாட்டினாள். மாஸ்டர் மறுபடியும் சொன்னாள்.

எமல்டா கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். ஏதோ ஏற்பாடு நடக்கிறது.

இருவரும் பாய்க்கு வந்தார்கள். நசீமா கையை ஓங்கி மாஸ்டரின் தோளை நோக்கி வீசினாள். மாஸ்டர் அலறினாள். உடம்பு அப்படியே சுழன்று, அடுக்கியிருந்த மேசைகளில் மோதிச் சரிந்தது. எவர்சில்வர் ஜக் ஒன்று உருண்டு சமையல்கட்டு வரைக்கும் போனது. மாஸ்டர் தோளைப் பிடித்துக்கொண்டு முனகினாள்.

"ஐயோ!" எமல்டா பாதி எழுந்துவிட்டாள்.

மாஸ்டர் எழுந்து வந்து மறுபடி நின்றாள். நசீமா கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது முறை அடித்தாள். இந்தத் தடவை 'தொப்'பென்று ஒரு சின்னச் சத்தம், துணி மூட்டையைத் தரையில் வைத்த மாதிரி. மாஸ்டர் அரை அடி பின்னால் போனாள்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சிரித்தாள். "டீ ஆறிடப் போவுது, குடிங்க."

பிறகு எமல்டா பக்கம் திரும்பினாள். "எது நிஜம்?"

"இதுக்கு ஒரு பரீட்சையா? முதல்ல விழுந்ததுதான். நசீமா, உனக்கென்ன பைத்தியமா, அப்படியா அடிக்கிறது? ரெண்டாவது சும்மா தட்டினது. எல்.கே.ஜி. பிள்ளைகூட சொல்லும்."

நசீமா உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது சிவந்திருந்தது. "முதல் அடி அவங்க சட்டையிலகூடப் படலைக்கா" என்றாள். "ரெண்டாவதுதான்... நிஜமாவே அடின்னு சொன்னாங்க."

மாஸ்டர் சட்டைக் கையைச் சுருட்டினாள். தோளுக்குக் கீழே நாலு விரல் பதிந்து, தோல் தடித்து எழும்பிக்கொண்டிருந்தது.

எமல்டா கிட்டே போனாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். ஒரு விரலால் தொட்டும் பார்த்தாள். சூடாக இருந்தது.

"ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டீங்க" என்றாள்.

"ஆமா. உங்க கண்ணு முன்னாடிதானே பேசினோம்."

எமல்டா உட்கார்ந்தாள். தோற்றுப் போவது அவளுக்குப் பழக்கமில்லை. டீயில் ஆடை படிந்திருந்தது.

"சரி, ஒத்துக்கறேன். அப்ப எப்படித்தான் கண்டுபிடிக்கிறது? அலறினா நம்பக் கூடாது, சிரிச்சா நம்பணுமா? என்ன நியாயம் இது?"

மாஸ்டர் சட்டைக் கையை இறக்கிவிட்டாள்.

"ஒரு குடும்பப் படம் எடுத்தாங்க, உங்களுக்குப் பிடிக்காத மாதிரிப் படம்தான். புருஷன் கோபத்துல பொண்டாட்டியை அறைவான், அவ மாடிப்படியில உருண்டு விழுவா. கதாநாயகி அறை வாங்கறதோட சரி. உருள்றதுக்கு ஒரு ஃபைட்டர் பொண்ணு வந்திருந்தா. எங்க தொழில்ல ஒரு பழக்கம். அடி நிஜமாப் பட்டுட்டாக் கத்தக் கூடாது. கத்தினா ஷாட் போச்சு, அடுத்த படத்துக்குக் கூப்பிட மாட்டாங்க. அதனால எழுந்திரிக்கும்போதே முந்திக்குவோம். யாரும் கேக்கறதுக்கு முன்னாடியே சிரிச்சுக்கிட்டு, 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்லிடுவோம். படாதவங்கதான் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு 'ஐயோ அம்மா'ன்னு விளையாடுவாங்க."

"அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?"

"கடைசிப் படியில விலா இடிச்சது. எழுந்தா, சிரிச்சா, ஒண்ணுமில்லன்னா. எல்லாரும் கை தட்டினாங்க. மத்தியானம் எங்களோட உக்காந்து பிரியாணியும் தின்னா."

"அடிச்ச நடிகர்?"

"அவர் அதே ஷாட்டுல படியில உக்காந்து தேம்பித் தேம்பி அழுவார். பிரமாதமா அழுதார். படம் வந்தப்போ தியேட்டரே அவருக்காகத்தான் அழுதுச்சு."

நசீமா உள்ளங்கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"சாப்பாட்டுக்கு அப்புறம் டைரக்டர் இன்னொரு டேக் கேட்டார்" என்றாள் மாஸ்டர். "வெளிச்சம் சரியில்லையாம். அந்தப் பொண்ணை மறுபடியும் மாடிக்கு அனுப்பினாங்க. கூட்டிட்டுப் போய் மேல் படியில நிறுத்தினது அவ சொந்த அக்கா. அதே தொழில்தான். என்னைவிட நிறைய படம் பார்த்தவங்க."

"பாவி! ஊரான் அனுப்பினாக்கூடப் பரவாயில்லை, கூடப் பொறந்தவளே அனுப்பினாளா?" எமல்டாவுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "அவளுக்குக் கண்ணு எங்க போச்சு? சரி, அவதான் அனுப்பினா. இந்தப் பொண்ணுக்கு வாய் இல்லையா? போன்னு சொன்னா சிரிச்சுக்கிட்டே போயிடறதா?"

மாஸ்டர் ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"ரயில் எத்தனை மணிக்குன்னு சொன்னீங்க, அக்கா?"