கொலுமண்டபத்துக்கு வந்த பூட்ஸ்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. தள்ளி இருந்தா நான் உரக்கச் சொல்லணும். உரக்கச் சொன்னா எனக்கே பாதியில சிரிப்பு வந்துடும்.

கும்பினிக்காரன், அதான் வெள்ளைக்காரக் கம்பெனிக்காரன், பாளையங்களையெல்லாம் மிரட்டிக்கிட்டிருந்த காலம் அது. கரட்டுமலைப் பாளையத்தை லக்கம நாயக்கர் ஆண்டுக்கிட்டிருந்தார். ஒருநாள் கும்பினியின் ஆக்கூட்டுத் துரை ஆள் விட்டுச் சொன்னான். பேச வருகிறானாம். கொலுமண்டபத்துக்குள்ளே பூட்ஸோடுதான் வருவானாம். ராசாவுக்கு நேர் எதிரே நாற்காலி போடணுமாம். முடியாதென்றால் கோட்டையை இடித்துவிடுவானாம்.

ராசாவின் பங்காளிகள் அதைவிட மோசம். கொலுமண்டபத்து நிலைப்படியை ஒரு செருப்புக்கால் தாண்டினாலும் பட்டத்தை விட்டு இறங்கிப் போகணும் என்று ஒரே பிடியாய் நின்றார்கள்.

கோட்டையா, பட்டமா? ராசாவுக்குச் சோறு இறங்கவில்லை. தன் மந்திரியான பிரதானி மயிலேறும்பெருமாளைக் கூப்பிட்டார்.

"ஓய், ரெண்டும் எனக்கு வேணுமே."

"ரெண்டும் இருக்கும் மகாராசா. தச்சனுங்களை மட்டும் அனுப்பி வையுங்க."

தச்சர்கள் வந்தார்கள். மண்டபத்து வாசல் நிலையைப் படியோடு சுவரிலிருந்து பெயர்த்தார்கள். தூக்கிக்கொண்டு போய் நட்டநடு மண்டபத்தில், சிம்மாசனத்துக்கு முன்னால் நிறுத்தினார்கள். அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, தேங்காயும் உடைத்தாயிற்று.

பங்காளிகள் முழித்தார்கள். பிரதானி கேட்டார்: "பூசை போட்ட நிலை எங்கே நிக்குதோ அதுதானே மாமா வாசல்? அதுக்கு வெளியே இருக்கிறதெல்லாம் செருப்பு விடுற இடம்தானே?"

பூசை போட்ட நிலையை வாசல் இல்லையென்று எவன் சொல்லுவான்?

துரை வந்தான். பூட்ஸ் டக்டக்கென்று மண்டபமே அதிர்ந்தது. நிலைக்கு வெளிப்பக்கம், ராசாவுக்கு நேர் எதிரே, நாற்காலி. கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். அவன் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, பாருங்க. முகத்தில் அப்படி ஒரு குளிர்ச்சி.

அப்புறம் சபையார் வரத் தொடங்கினார்கள். ஒவ்வொருவரும் துரை பக்கத்தில் வந்து குனிந்து, செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு, நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனார்கள். எருமைத்தோல் செருப்பு, சேறு அப்பிய செருப்பு, வார் அறுந்த செருப்பு. நாற்காலியைச் சுற்றி மலையாய்க் குவிந்தது. வாடையில் துரை மூக்கைப் பொத்தினான். ஏன் எல்லாரும் தன் முன்னால் குனிகிறார்கள் என்று, பேச்சை மொழிபெயர்க்க வந்த துபாசியைக் கேட்டான். துபாசிக்கு வேர்த்து ஊற்றியது. எல்லாம் துரைக்குக் காட்டுகிற மரியாதை என்று சொல்லி வைத்தான். துரையும் குனிந்தவனுக்கெல்லாம் தலையை ஆட்டினான். அந்தக் குஷியில் கோட்டை இருக்கிறபடியே இருக்கட்டும் என்று அவன் வாயாலேயே சொல்லிவிட்டான்.

ராசா சிரிப்பை அடக்க வெற்றிலையை வாய் கொள்ளாமல் திணித்துக்கொண்டார்.

கடைசியாக வந்தார் பிரதானி. தன் செருப்பைக் கழற்றி, துரையின் பூட்ஸுக்குப் பக்கத்தில் ஜோடியாய் வைத்தார். கைகூப்பினார்.

"தொரை, வாசல்ல நாய் ஒண்ணு சுத்துது. நான் போயிட்டு வர்ற வரைக்கும் செருப்பை ஒரு கண்ணு பார்த்துக்கிடுங்க."

சொல்லிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனார்.