அப்பளக் கம்பெனியின் மூத்த தொழிலாளி

ஊரில் அப்பளக் கம்பெனிகள் பல இருந்தாலும், புத்தியைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிட்டு வேலைக்கு வருகிறவர்கள் தனக்கோடி முதலாளியின் கம்பெனியில்தான் இருந்தார்கள். நல்ல மனிதர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள், அதுதான் தொல்லையே.

தீபாவளி ஆர்டர் குவிந்தது. விருப்பப்பட்டவர்கள் ஓவர்டைம் பார்க்கலாம், ஆனால் சீனியரை முதலில் கேட்க வேண்டும், அவர் வேண்டாம் என்றால்தான் அடுத்தவருக்கு என்று முதலாளி சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளத்தாய்க்குத் தலைகால் புரியவில்லை. கம்பெனியிலேயே மூத்தவள் அவள்தான். ஆட்டுக்கல்லில் மாவாட்டிக் கை கழன்றுபோய், இந்தத் தீபாவளிக்காவது ஒரு கிரைண்டர் வாங்கிவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தவள்.

ஆனால் சங்கத் தலைவர் முனியாண்டி நியாயஸ்தர். மொட்டை மாடியில் அப்பளம் காய்வதைப் பார்த்தார், அப்படியே வானத்தைப் பார்த்தார்.

"தாயி, நீ வேலைக்குச் சேந்த அன்னைக்கே அவரு இங்க காய வச்சுக்கிட்டு இருந்தாருல்ல?"

வெள்ளத்தாய் யோசித்தாள். மனசு வலித்தாலும் பொய் சொல்ல வரவில்லை.

"ஆமாண்ணே. சூரியன் எனக்கு முந்துன ஆளுதான்."

சாயங்காலம் எல்லோரும் மாடி ஏறிக் கைகட்டி நின்று, ஐயா ஓவர்டைம் பார்க்கிறீர்களா என்று சூரியனைக் கேட்டார்கள். அவர் முகம் சிவந்தது. கோபம் என்றார் முனியாண்டி. வெட்கம் என்றாள் பூவாயி. அவர்கள் பேசி முடிப்பதற்குள் ஆளைக் காணோம். வேண்டாம் என்று வாயைத் திறந்து சொல்லாததால் வெள்ளத்தாய்க்கு முறை வரவில்லை. அன்றைக்கு யாருமே ஓவர்டைம் பார்க்கவில்லை.

மறுநாள் அவரை வாசலிலேயே மடக்கிக் கேட்டுவிடலாம் என்று விடிந்ததும் வந்தார்கள். வந்து பார்த்தால், நேற்று காயாத அப்பளத்தின் மேல் அவர் ஏற்கெனவே வேலையைத் தொடங்கியிருந்தார். கம்பெனி மணி அடிப்பதோ எட்டு மணிக்கு.

"இத்தனை வருசமா தினமும் காலையில ஓவர்டைம் பாத்திருக்காருண்ணே," என்றாள் வெள்ளத்தாய். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "என் கிரைண்டரை இவருதான் தின்னுருக்காரு."

சங்கம் கூடியது. எட்டு மணிக்கு முன்னால் அவரை வேலை பார்க்க விடுவதில்லை என்று முடிவாயிற்று. ஊரெல்லாம் குடை இரவல் வாங்கி வந்து அப்பளத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார்கள். மணி அடித்ததும் முறைப்படி குடையை மடக்கினார்கள். அதற்குள் மேகம் மூடிவிட்டது.

முதலாளி ஓடி வந்து ஈர அப்பளத்தைத் தொட்டுப் பார்த்துத் தலையில் கை வைத்தார். சூரியனைக் காணோமே, யாராவது எதையாவது செய்து காய வையுங்கள் என்று புலம்பிவிட்டுக் கடைக்குப் போனார்.

முனியாண்டி தொண்டையைக் கனைத்தார். "சீனியர் லீவு. அடுத்தது வெள்ளத்தாய்."

அவள் அப்பளங்களுக்கு நடுவே போய் நின்றாள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கண் கொட்டாமல் அவற்றை முறைத்தாள். காலையில் கிழக்கு ஓரத்தில் நின்றவள், உச்சியில் நடுவுக்கு வந்து, சாயங்காலம் மேற்குச் சுவரை அடைந்துவிட்டாள். வேலை முடிகிற மணியும் அடித்தது.

"மதினி, எறங்கி வாங்க," என்று கீழேயிருந்து பூவாயி கூப்பிட்டாள்.

படிக்கட்டு கிழக்கே இருந்தது. அந்தப் பக்கம் யாராவது இறங்குவார்களா என்று வெள்ளத்தாய் கேட்டாள். நியாயம்தான் என்று முனியாண்டி மேற்கே சாத்த ஏணி தேடிப் புறப்பட்டார்.

"மெதுவாவே வாங்கண்ணே," என்றாள் அவள், கையை மடக்காமல். "இப்பத்தான் ஓவர்டைம் ஆரம்பிச்சிருக்கு."