திரையில் பூஜ்யம்

கேள்வி கேட்டவருக்கு வயது நாற்பத்தாறு. பதில் சொன்னவருக்கு முப்பத்திரண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நீங்களாகவே ஒரு தாடிக்காரரைக் குருவாக உட்கார வைத்துவிடுவீர்கள்.

குருவின் பெயர் நாச்சியார். எங்கள் சின்னக் கம்பெனியில் கம்பைலர் எழுதுகிறவர். நாம் எழுதும் நிரலைப் படித்து, கணினி ஓட்டும்படி மாற்றித் தருகிற நிரலுக்குத்தான் கம்பைலர் என்று பெயர். எங்களுக்கெல்லாம் அவர் டீச்சர். சீடர் வேதமுத்து. இருபது வருஷம் மீட்டர் ரிப்பேர் பார்த்துவிட்டு, இந்த வேலையையும் ஒரு கை பார்த்துவிடுவது என்று வந்தவர். டீச்சர் அவரை அண்ணாச்சி என்பார். நான் அவர்களோடு, திரையில் தெரிவதற்கான நிரலை எழுதுகிறவன். வாய் கொஞ்சம் நீளம், ரோஷம் அதைவிட நீளம்.

மலையடிவாரத்தில் ஒரு மின்நிலையம். அணைத் தண்ணீர் ஒரு கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் ஓடிவந்து கீழே டர்பைனைச் சுற்றும். வருஷத்துக்கு ஒரு தடவை மதகை மூடுவார்கள். ஆட்கள் சுரங்கத்துக்குள் போய்ச் சகதியும் கல்லும் அள்ளுவார்கள். அள்ளி முடிந்ததும் மதகைத் திறக்க வேண்டும்.

திறக்கும்போது உள்ளே ஒருவர்கூட இருக்கக் கூடாது.

இத்தனை வருஷமும் அதற்குச் செருப்புக் கணக்குத்தான். சுரங்க வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு போவார்கள். வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள். மதகு ஆபரேட்டர் இசக்கியப்பன் பத்தொன்பது வருஷமாகப் போய் எண்ணிப் பார்த்துவிட்டு வந்துதான் பொத்தானை அமுக்குவார். இந்த வருஷம் அதிகாரிகள் திரை கேட்டார்கள். கார்டைத் தேய்த்து உள்ளே போகணும், தேய்த்து வெளியே வரணும். உள்ளே எத்தனை பேர் என்று மதகு அறையில் எங்கள் திரை காட்டும்.

மதகு அறைக் கணினி அரதப்பழசு. ஏதாவது ஒன்று மாறினால் திரை முழுவதையும் திரும்ப வரையும். அரை நிமிஷம் திணறும். அந்த அரை நிமிஷமும் திரை சொல்வது பழைய கதை. ஆகவே மாறியதை மட்டும் வரைய வேண்டும். எது மாறும், எது மாறாது என்று நிரலைப் படித்தே கம்பைலர் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அந்தப் பகுதியை வேதமுத்து எழுதியிருந்தார். மூன்று மாத உழைப்பு.

மதகைத் திறக்கும் நாளன்று காலை, மதகு அறையில் வைத்துத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"டீச்சர், ஒவ்வொரு தடவையும் எட்டிப் பாக்காமலே ஒண்ணு மாறிச்சா இல்லையான்னு சொல்ல முடியுமா, முடியாதா?"

"முடியும் அண்ணாச்சி."

"எப்படி?"

"அது யார் யார் கையில போகுதுன்னு தெரிஞ்சா போதும்."

"அது எனக்குத் தெரியும். பட்டியல் ஒண்ணு. அதுல பேரைச் சேக்குறதும் எடுக்குறதும் கார்டு மிஷின். கார்டைத் தேச்சா நான் குறிச்சுக்கிடுதேன், திரை மாறும். தேய்க்கலன்னா பட்டியல் அதே பட்டியல்தான். திரையைத் தொட வேண்டாம்."

"வேற யார் கைக்கும் போகலையா?"

"வாசல்ல மேஸ்திரி வச்சிருக்க ஃபோனுக்குப் போகுது. அவரு பாக்க மட்டும்தான் செய்வாரு."

"தெரியுமா, நினைக்கீங்களா?"

வேதமுத்துவுக்குச் சுருக்கென்றது. முகம் சிவந்துபோனது.

"தெரியும்," என்றார்.

இந்த இடத்தில் என் பங்கையும் சொல்ல வேண்டும். மேஸ்திரியின் ஃபோனில் ஓடுகிற பகுதி நான் எழுதியது. கார்டு நனைந்து போனால் மேஸ்திரி தன் கையாலேயே பேரைச் சேர்க்கலாம் என்று அதில் ஒரு வழி வைத்திருந்தேன். அங்கே பட்டியலுக்கு வேறு பெயர். வீட்டில் ஒரு பேர், பள்ளிக்கூடத்தில் ஒரு பேர் என்பது மாதிரி. பிள்ளை ஒன்றுதான்.

"அண்ணாச்சி, அந்த மேஸ்திரி பக்கத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"தம்பி, நீங்க உங்க சோலியப் பாருங்க," என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எல்லாம் படித்துத்தான் இருப்பார், நமக்கென்ன என்று வாயை மூடிக்கொண்டேன்.

டீச்சர் என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"சரி அண்ணாச்சி. நாலு மணிக்கு மதகு. உத்தரவு நீங்களே குடுங்க," என்றார்.

மத்தியானம் ஆட்கள் வெளியே வர ஆரம்பித்தார்கள். பதினோரு பேர். திரையில் பதினொன்று பத்தானது, ஒன்பதானது. ஒரு தடவைகூடத் திணறவில்லை. வேதமுத்து ஒவ்வொரு எண்ணுக்கும் என்னைத் திரும்பிப் பார்த்தார். மூன்றே கால் மணிக்குப் பூஜ்யம். ஆட்கள் கை கால் கழுவிச் செருப்பைப் போட்டுக்கொண்டு லாரியில் ஏறிப் போனார்கள். லாரி வளைவு திரும்புவதை ஜன்னல் வழியாக நாங்களே பார்த்தோம்.

"உக்காந்து உக்காந்து காலு மரத்துப் போச்சு. ஒரு நடை நடந்துட்டு வாரேன்," என்று டீச்சர் வெளியே போனார்.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இசக்கியப்பன் எழுந்தார்.

"ஒரு எட்டு போய்ச் செருப்பைப் பாத்துட்டு வந்துருதேன்."

"எதுக்கு?" என்றார் வேதமுத்து.

"பழகின காலு சார். சொன்னாக் கேக்க மாட்டேங்கு."

"லாரி போனதை நீங்களும்தானே பாத்தீங்க? திரையில என்ன போட்டிருக்கு?"

"பூஜ்யம்."

"பொறவு என்ன? நீங்க போய் எண்ணிட்டு வந்துதான் தொறக்கணும்னா நாங்க மூணு மாசம் இங்க என்னத்தப் புடுங்கினோம்?"

இசக்கியப்பன் உட்கார்ந்தார். உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"டீச்சரைக் காணோமே," என்றேன்.

"டீக்கடைக்குப் போயிருப்பாங்க. சங்கை ஊதுங்க."

சங்கு ஊதியது. மதகைத் திறக்குமுன் இரண்டு நிமிஷம் ஊத வேண்டும். சுரங்கத்தின் நடுவில் நிற்கிற ஆள் இரண்டு நிமிஷத்தில் வாசலுக்கு வர முடியாது என்று இசக்கியப்பன் காலையில் சொல்லியிருந்தார். அது ஏனோ அப்போது என் நினைவுக்கு வந்தது. திரையைப் பார்த்தேன். பூஜ்யம்தான். அசையாமல் நின்றது.

சங்கு ஓய்ந்தது.

"அமுக்கட்டுமா சார்?"

வேதமுத்து திரையை ஒரு தடவை பார்த்தார்.

"அமுக்குங்க."

இசக்கியப்பன் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

"தரை அதிரணும்," என்றார். "அதிரலையே." இன்னொரு தடவை அமுக்கினார். மோட்டார் சத்தமே இல்லை.

"ஃப்யூஸ் போயிருக்கும். பெட்டி எங்க இருக்கு?"

"கீழ. சுரங்க வாசல்ல."

வேதமுத்து படிகளில் தடதடவென்று இறங்கினார். நாங்கள் பின்னால் ஓடினோம். ஃப்யூஸ் பெட்டி திறந்து கிடந்தது. மூன்று ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் நடுவில் ஒன்று இல்லை. எரிந்து போகவில்லை, யாரோ எடுத்திருக்கிறார்கள். பக்கத்துப் பாறையில், லாரியில் போகாமல் தங்கிவிட்ட மேஸ்திரி உட்கார்ந்திருந்தார்.

"யாருவே இதை எடுத்தது?" என்று திரும்பிய வேதமுத்து அப்படியே நின்றுவிட்டார்.

சுரங்க வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது.

பெண்கள் செருப்பு. இடது கால் வாரில் நீல நூல் தையல். போன வாரம் வார் அறுந்தபோது அதை பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய்த் தைத்து வாங்கி வந்தவரே வேதமுத்துதான்.

"டீச்சர்!"

சுரங்கத்துக்குள் தலையை விட்டுக் கத்தினார். அவர் குரல்தான் திரும்பி வந்தது.

"டீச்சர்! எம்மா!"

மேஸ்திரி எழுந்து வந்து ஃபோனைக் காட்டினார். அதில் உள்ளே ஒன்று என்று இருந்தது. கீழே நாச்சியார் என்று பேர்.

"ஃப்யூஸைக் கழத்திட்டு வந்து பேரைப் போடச் சொன்னாங்க சார். போட்டேன். போட்டு அரை மணி நேரம் ஆச்சு."

அரை மணி நேரம். மேலே திரையில் அந்த அரை மணி நேரமும் பூஜ்யம்.

உள்ளே தூரத்தில் ஒரு டார்ச் வெளிச்சம் ஆடியது. மெதுவாக வந்தது. முழங்கால் வரை சகதியோடு டீச்சர் வெளியே வந்தார்.

இசக்கியப்பன் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். "இந்த வெரலாலதானம்மா அமுக்கினேன். ரெண்டு தடவை அமுக்கினேனே."

"நீங்களா அமுக்கல அண்ணே. உத்தரவைத்தான் கேட்டீங்க," என்றார் டீச்சர்.

வேதமுத்துவின் பயம் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"விளையாட்டா டீச்சர் இது? செத்திருப்பீங்களே! நான்லா கொன்னிருப்பேன்!"

டீச்சர் பையிலிருந்து ஃப்யூஸை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இன்னைக்கு இது என் பையில இருந்துச்சு அண்ணாச்சி. அடுத்த தடவை உள்ள நிக்கறவன் பையில இருக்காது."

வேதமுத்து அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மேஸ்திரி டீச்சர் பேரை எடுத்தார். டீச்சர் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டார். இசக்கியப்பன் வாசலை நாலு தடவை பார்த்தார். ஒரு செருப்புகூட இல்லை என்று ஆன பிறகு ஃப்யூஸை மாட்டி, மேலே வந்து மதகைத் திறந்தார். தரை அதிர்ந்தது. தண்ணீர் வந்த சத்தம் இருக்கிறதே, காதைப் பொத்திக்கொண்டாலும் நெஞ்சுக்குள் கேட்டது. வேதமுத்து காதைப் பொத்தவில்லை. சத்தம் சீராகும் வரை ஜன்னல் பக்கமே நின்றார்.

பிறகு வந்து கணினி முன்னால் உட்கார்ந்தார்.

"தம்பி, மேஸ்திரி ஃபோன் நிரல் நீங்க எழுதினதா?"

"ஆமா அண்ணாச்சி."

"காலைல சொல்ல வந்தது இதானா?"

"இதான்."

"நாந்தான் வாயை அடைச்சேன். நீங்க அடைபட்டிருக்கக் கூடாது." நாற்காலியை இழுத்துப் போட்டார். "இங்க வந்து உக்காருங்க. ஒவ்வொரு வரியாப் படிப்போம். பட்டியல் எங்கெங்க போகுது, எந்தப் பேர்ல போகுதுன்னு சொல்லிக்கிட்டே வாங்க."

படித்தோம். மேஸ்திரி கை பட்டியலைத் தொடுகிற இடத்தைக் குறித்துக்கொண்டார். அதற்குமேல் இரண்டு இடத்தில் பட்டியல் வெளியே போனது. ஒன்று கார்டு மிஷின் கம்பெனிக்காரர்களுடைய நிரல். இன்னொன்று மின்நிலையத்தின் பழைய நிரல். இரண்டையும் திறந்து படிக்க எங்களுக்கு வழியில்லை.

வேதமுத்து விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். டீச்சர் கதவோரம் நின்று பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இந்த ரெண்டு இடத்துல பட்டியலை மாத்துவாங்களா மாத்த மாட்டாங்களான்னு தெரியல. தலைகீழா நின்னாலும் தெரியாது."

"ம்."

"எல்லாமே மாறும்னு வச்சுட்டா திரை திணறும்."

"எல்லாத்தையும் ஏன் வைக்கீங்க? தெரிஞ்சதைத் தெரிஞ்ச மாதிரி எழுதுங்க."

"தெரியாததை மாறும்னு எழுதவா, மாறாதுன்னு எழுதவா?"

டீச்சர் நீல நூல் தைத்த செருப்புக்குள் காலை நுழைத்தார்.

"உள்ள நான் இருக்கேன்னு எழுதுங்க அண்ணாச்சி."