இலையை மடிக்காத பண்டிதர்

கொன்றையூரை ஆண்ட செண்பகராஜனுக்குப் புதுச் சரக்கு என்றால் கொள்ளை ஆசை. யானைக் கொட்டாரத்தில்கூடக் கம்ப்யூட்டர் வைத்த புண்ணியவான் அவர். யானை அதை என்ன செய்தது என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த ஆசையை மோப்பம் பிடித்து வந்து சேர்ந்தார் பிரளயநாத பண்டிதர்.

எக்ஸ்எம்எல் என்று ஒரு முறை உண்டாம். எதை எழுதினாலும் முன்னால் ஒரு திறப்புக் குறி, பின்னால் ஒரு மூடல் குறி. அப்போதுதான் கம்ப்யூட்டருக்கு விளங்குமாம். அதை வைத்து யானைக்காரர்களுக்கு ஒரு மொழி, மேளக்காரர்களுக்கு ஒரு மொழி, மடைப்பள்ளிக்கு ஒரு மொழி என்று பண்டிதர் செய்து தள்ளினார். கருவி நல்ல கருவிதான், அதைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் குரங்கு கையில் பூமாலை என்ன ஆகும்? தவில்காரர் ஒரு தட்டுத் தட்டுவதற்குள் முழ நீளத்துக்குக் குறி எழுத வேண்டியதாயிற்று.

மடைப்பள்ளி மொழியைச் சபையில் விளக்கியபோது பண்டிதருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. இலையை விரித்தால் விருந்துக்குத் திறப்பு, இலையை மடித்தால் மூடல், நடுவில் வருவதெல்லாம் அதற்குள் அடக்கம் என்றார். ஒரு மூடல் விட்டுப்போனாலும் மொத்தமும் செல்லாது என்றார். பொருள் கேட்டு எழுதும் கேட்புச் சீட்டு செல்லாமல் போனபிறகு அரண்மனைப் பொருளைத் தொட்டால் திருட்டு, அதற்கு நாடு கடத்தல் என்று சட்டமும் போடவைத்தார். ராஜா தலையாட்டினார். தலையாட்டுவதற்குத்தானே அவருக்குக் கிரீடம்.

மாட்டிக்கொண்டவர் தலைமைச் சமையல்காரர் திருமேனி. விருந்து நாளில் சரக்கறைக்குக் கேட்பு அனுப்பினார். உப்புக்கு மூடல் குறி போட மறந்துவிட்டார். கம்ப்யூட்டர் மொத்தத்தையும் தள்ளிவிட்டது. அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, பந்தியில் விருந்தாளிகள் காத்திருக்கிறார்கள். பாவம் மனுஷன், ஓடிப்போய் ஒரு பிடி உப்பை அள்ளிவந்து போட்டுவிட்டார். பண்டிதர் கையும் களவுமாகப் பிடித்தார். பிள்ளைகுட்டிகளோடு மறுநாளே எல்லை தாண்ட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

சபையின் விகடகவி மருதையன் திருமேனியின் ரசத்துக்கு அடிமை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள், இங்கே உப்பிட்டவரையே துரத்துகிறார்களே என்று அவனுக்கு வயிறு எரிந்தது. போவதற்குமுன் திருமேனி ஒரு கடைசி விருந்து படைக்கட்டும், தலைவாழை இலை பண்டிதருக்கு என்று ராஜாவிடம் கேட்டான். ராஜா சரி என்றார். இந்தத் தடவை கேட்பில் ஒரு குறியும் விட்டுப்போகாமல் மருதையனே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டான்.

பண்டிதரிடம் ஒரு பழக்கம் உண்டு. சாப்பிட்ட இலையை அவர் மடித்ததே கிடையாது. அதெல்லாம் ஏவலாள் வேலை என்பது அவர் எண்ணம். அன்றும் பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, அப்படியே எழுந்து கை கழுவி, சபை அதிர ஓர் ஏப்பம் விட்டார்.

மருதையன் அந்த இலைக்குப் பக்கத்தில் போய் நின்றான். “பண்டிதரே, சாப்பிட்டாயிற்றா?”

“ஏன், கண் தெரியவில்லையா? வயிறு முட்டச் சாப்பிட்டேன்.”

“இலை மடிக்கவில்லையே. மூடல் இல்லாவிட்டால் மொத்தமும் செல்லாது என்றவர் நீங்கள். அப்படியானால் உங்களுக்கு இங்கே யாரும் விருந்தே வைக்கவில்லை. வைக்காத சோற்றை அள்ளித் தின்றவருக்கு என்ன பெயர்?”

பண்டிதர் தன் இலையைத் திரும்பிப் பார்த்தார். புத்தியுள்ள எவனுக்கும் பார்த்தாலே தெரியுமே, இலை விரித்தபடி கிடந்தால் சாப்பிட்டது இல்லையென்று ஆகிவிடுமா என்று முனகினார்.

“அதே புத்திக்கு, திருமேனி கேட்டது உப்பு என்று தெரியவில்லையா? இரண்டில் ஒன்று சொல்லுங்கள். மூடாவிட்டாலும் விருந்து விருந்துதான் என்றால் அவர் திருடர் இல்லை. செல்லாது என்றால் அவர் ஒரு பிடி உப்புக்காகப் போகட்டும், நீங்கள் இத்தனை பாயசத்துக்காகக் கூடவே போங்கள்.”

“விருந்துதான்” என்றார் பண்டிதர், தரையைப் பார்த்துக்கொண்டு.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திருமேனியின் தண்டனையும் அந்தச் சட்டமும் அங்கேயே ரத்தாயின. உனக்கு என்ன பரிசு வேண்டும் என்று மருதையனைக் கேட்டார்.

“எனக்கு ஒன்றும் வேண்டாம் மகாராஜா. மூடலின் அருமை தெரிந்தவர் நம் நாட்டிலேயே பண்டிதர் ஒருவர்தான். பந்தியில் மடிக்காமல் கிடக்கும் இலைகளை மடிக்கும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள்.”

அன்றைக்கே பதவி ஏற்றார் பண்டிதர். முதலில் மடித்தது அவருடைய இலையைத்தான்.