மரியதாஸ் பாதியில் விட்ட பேச்சு

இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்தாறு வயது. சிஷ்யைக்கு ஐம்பத்து நான்கு. துயரமே வயது பார்த்து வருவதில்லை. குரு மட்டும் பார்த்து வர வேண்டுமா?

கடலோர ஊர் ஒன்றில், மனம் உடைந்தவர்களின் பேச்சைக் கேட்பதற்கென்றே ஓர் இல்லம் நடத்தி வந்தார் குரு சபிதா. மகனை விபத்தில் பறிகொடுத்த கஸ்தூரி, ஐந்து வருடம் கழித்து அவரிடம் வேலை கற்க வந்தாள். தான் பட்டது யாருக்காவது உதவட்டும் என்று நினைத்தாள்.

ஒரு நாள் காலையில் மரியதாஸ் என்ற மீனவர் வந்தார். அவரோடு படகில் போன தம்பி கரை திரும்பவில்லை. இரண்டு வருடமாக அதைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறந்ததில்லை. அன்றைக்குக் கஸ்தூரிக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து திறந்தார்.

"கையைப் புடிச்சிருந்தேன். அப்புறம்..."

"எனக்குத் தெரியும்ணே," என்றாள் கஸ்தூரி. "என் மகனும் இப்படித்தான் போனான்."

சொன்னதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மரியதாஸ் நிறுத்திக்கொண்டார். டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். "மனசைத் தேத்திக்கம்மா" என்று அரை மணி நேரம் ஆறுதல் சொன்னார். பிறகு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழுந்து போய்விட்டார்.

கஸ்தூரி குருவிடம் ஒன்றையும் மறைக்கவில்லை.

"நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையா மேடம்?"

"மகன் பேர் என்னக்கா?"

"இளம்பரிதி."

"சொல்லுங்க."

கஸ்தூரி சொன்னாள். மதியச் சாப்பாடு ஆறிப்போனது. குரு நடுவில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இத்தனை வருடத்தில் அவளை யாரும் இப்படிப் பேச விட்டதில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். ஒரு வருடமாகக் கூடவே இருந்தும் குருவைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. குருவைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"உங்களுக்கும் ஏதாவது நடந்திருக்கா மேடம்?"

"நடக்காமலா இங்க வந்து உட்கார்ந்திருக்கேன்?"

"சொல்லுங்களேன். நான் கேட்கிறேன்."

குரு வேண்டாம் என்று தலையசைத்தார்.

"அதைக் கேட்க எனக்கும் ஒருத்தர் இருக்காங்க, மாசத்துல ஒரு நாள் அஞ்சு மணி நேரம் பஸ்ல அவங்ககிட்ட போறேன்கா. அங்க உங்களுக்கும் நேரம் கேட்டு வாங்கறேன். மரியதாஸுக்கு இந்த நாற்காலியை விட்டா வேற போக்கிடம் கிடையாது."