மொட்டைச் சரிவின் கீழே ஒரு வீடு

மலை சூழ்ந்த குடவரை நாட்டை முன்னொரு காலத்தில் மாறவேள் என்றொரு ராஜா ஆண்டான். மனதில் பட்டதை அன்றே செய்தாக வேண்டும் அவனுக்கு. ஒருநாள் ஏழடுக்குக் கோபுரம் கட்ட ஆசைப்பட்டான்.

கோபுரத்துக்குச் செங்கல், செங்கலுக்குச் சூளை, சூளைக்கு விறகு. சூளை அதிகாரி மகுடேசர் மலையின் கிழக்குச் சரிவை மொட்டையடித்தார். அந்த ஐப்பசி மழையில் சரிவில் பாதி இடிந்து இருபத்துமூன்று பேரை மூடியது. "விதி" என்று சொல்லிவிட்டு, மேற்குக் காட்டையும் வெட்ட உத்தரவு வாங்கினார் மகுடேசர். தடுத்தால் தலை போகும்.

மேற்கு அடிவாரத்தில் ஐந்து ஊர்கள். வாய்க்கால் தண்ணீருக்காக மண்டையை உடைத்துக்கொண்டவர்கள், இப்போது பயத்தில் ஒன்றுசேர்ந்தார்கள். விறகு மிச்சமாகத் தெருவுக்கு ஒரே அடுப்பு. நெல் குத்த ஓடையில் நீர்ச்சக்கரம். செங்கல் அறுக்கும் சிலம்பாயி, மரம் வெட்டினால் மலை இடியும் என்று சொல்லி, சூளை வைக்காமல் வெயிலில் காய்ந்த கல்லாலேயே சுவர் எழுப்பக் கற்றுக்கொடுத்தாள்.

மகுடேசருக்கு வயிறு எரிந்தது. "அரசே, ஐந்து ஊரும் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறது. இது கலகம்."

மூன்றாம் நாளாக மழை விடாமல் பெய்தபோது சிலம்பாயியைச் சபையில் நிறுத்தினார்கள்.

"மரம் வெட்டினால் மலை இடியும் என்கிறாயாமே. நிரூபி. இல்லையென்றால் உன் தலை" என்றான் ராஜா.

"எனக்கு நிரூபிக்கத் தெரியாது, மகாராஜா. இடியாது என்று மகுடேசர் ஐயாவுக்குத்தான் தெரியும். கிழக்குச் சரிவின் கீழே ஒரு வீடு காலியாகக் கிடக்கிறது. இந்த மழை விடும்வரை அவர் அங்கே இருக்கட்டும். ஒன்றும் ஆகவில்லையென்றால் என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள்."

ராஜாவுக்கு இது வேடிக்கையாக இருந்தது. "நல்ல யோசனை. கிளம்பும், மகுடேசரே."

மகுடேசர் முகம் வெளுத்தது. ராஜாவும் சிலம்பாயியை அழைத்துக்கொண்டு கூடவே போய், சரிவுக்கு எதிரே ஓடும் ஆற்றின் மறுகரையில், பாலத்தருகே நின்றான். வாசல்வரை போன மகுடேசர் அண்ணாந்து பார்த்தார். மேலிருந்து நாலைந்து சிறுகற்கள் உருண்டு வந்தன. அவ்வளவுதான். பாலத்தைக் கடந்து ஓடிவந்து ராஜாவின் காலில் விழுந்தார். "அது இடியும், அரசே. எனக்கு அப்போதே தெரியும்."

கொஞ்ச நேரத்தில் மலை உறுமியது. கண்ணெதிரே வீடு மண்ணுக்குள் போனது.

அன்றே சூளைகள் அணைந்தன. கோபுர வேலை நின்றது. காட்டின் காவல் ஐந்து ஊர்களுக்கும் பொதுவானது. சிலம்பாயியின் களத்தில் மண் மிதிக்கும் வேலை மகுடேசருக்கு.

"மலை இடியாமல் இருந்திருந்தால்?" என்று ராஜா அவளிடம் மெல்லக் கேட்டான்.

"இடியக்கூடாது என்றுதான் வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தேன், மகாராஜா. இடியாவிட்டால் என் ஒரு தலையோடு போயிருக்கும். இடிந்தால் அதன் கீழே எத்தனை தலையோ."