தலைப்பாகைகள் கூடிய சபை

மன்னர் பகலில் தூங்கினால் யாரும் குறை சொல்லாத அந்தக் காலத்தில், ஒரு நாட்டில் பன்னிரண்டு பேர் கொண்ட மந்திரி சபை இருந்தது. இரண்டு பேர் மூலையில் கூடிப் பேசியதை நாட்டின் முடிவு என்று சொல்லிவிடக் கூடாதே என்று, ஏழு பேராவது வந்திருந்தால்தான் முடிவு செல்லும் என மன்னரின் பாட்டனார் விதி செய்திருந்தார். நல்ல விதிதான். ஆனால் வாசற்காவலன் எண்ணியது, தூரத்திலிருந்து தெரிந்த தலைப்பாகைகளை. இது தெரிந்ததும் மந்திரிகள் வீட்டில் இருந்துகொண்டு, தலைப்பாகையை மட்டும் ஆள் மூலம் இருக்கைக்கு அனுப்பத் தொடங்கினார்கள். நாளடைவில் அதுவே வழக்கமாயிற்று.

விகடகவி சாத்தப்பன் மீது, மந்திரிகளுக்குத் தலைவரான பிரதானி வீரபாகுவுக்குப் பொறாமை. மன்னர் அவனைக் கண்டால் சிரிக்கிறார், தன்னைக் கண்டால் கொட்டாவி விடுகிறார் என்பதுதான் காரணம். ஒருநாள் மூன்று மந்திரிகளும் நான்கு தலைப்பாகைகளும் கூடி, சாத்தப்பன் மறுநாள் அந்திக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

மன்னர் வருந்தினார். "சபை செய்ததைச் சபைதான் மாற்ற வேண்டும். அந்திக்குள் ஏழு பேரைக் கூட்டிவிடு" என்றார். மறுநாள் காலை எந்த மந்திரியும் அவனுக்குக் கதவு திறக்கவில்லை. மனைவி அழுதுகொண்டே மூட்டை கட்டினாள். பிறந்த ஊரை விட்டு எங்கே போவது என்று அவனுக்கும் தெரியவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. மந்திரிகளின் தலைப்பாகைகள் வெளுப்புக்குப் போகும் நாள். சலவைக்காரர் கஞ்சி போட்டு, கவிழ்த்த பானைகளில் சுற்றி, ஆற்றங்கரையில் வரிசையாகக் காயவைத்திருந்தார். சாத்தப்பன் வாசற்காவலனையும் சபை எழுத்தரையும் அங்கே அழைத்துப் போனான். காவலன் வழக்கம்போலத் தூரத்தில் நின்று எண்ணி, பன்னிரண்டு என்றான். சாத்தப்பனை வெளியேற்றும் முடிவு ரத்து என்று வாசிக்கப்பட்டது. மறுப்பவர் உண்டா என்று கேட்டதற்கு யாரும் மறுக்கவில்லை. ஒன்று மட்டும் காற்றில் லேசாக ஆடியது. 'ஓர் உறுப்பினர் அசைந்தார். பேசவில்லை' என்று எழுத்தர் ஓலையில் குறித்துக்கொண்டார்.

செய்தி கேட்டு வீரபாகு வெறுந்தலையோடு அரண்மனைக்கு ஓடிவந்தார். "மன்னா, ஆளில்லாத தலைப்பாகைகள் எப்படிச் சபையாகும்?" என்றார்.

"பிரதானி சொல்வது சரியென்றால், நேற்று வந்தவர்கள் மூவர்தான், சபையே கூடவில்லை" என்றான் சாத்தப்பன். "தவறென்றால், இன்று பன்னிரண்டு பேரும் கூடியிருக்கிறார்கள். எதுவானாலும் என் மனைவி மூட்டையை அவிழ்க்கலாம், மன்னா."

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். இனி ஆளைக் கிட்டே போய்ப் பார்த்து எண்ண வேண்டும் என்று காவலனுக்குக் கட்டளையிட்டார். சாத்தப்பனுக்குப் பட்டுத் தலைப்பாகை ஒன்றைப் பரிசளித்தார்.

சாத்தப்பன் அதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு, "நாளை முதல் நான் வரட்டுமா மன்னா, இதை அனுப்பட்டுமா?" என்று பணிவாகக் கேட்டான்.

அதன்பின் இரண்டு நாள் மன்னருக்குப் பகல் தூக்கம் இல்லை. படுத்தால் சிரிப்பு வந்தது.